வெளிச்சம் குறைந்த வீட்டு மீன்தொட்டிக்கு ஏற்ற நீர்த்தாவரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடத்து மூலையிலோ படிப்பறை மேசையிலோ சாதாரண எல்.இ.டி. விளக்குடன் இருக்கும் நன்னீர்த் தொட்டியில் செடி வளர்க்க விரும்புகிறவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. விலையுயர்ந்த விளக்கும் கரியமில வாயு உருளையும் இல்லாமலேயே பசுமையான தொட்டியை அமைக்க முடியும். ஆனால் அதற்கு, இருக்கும் வெளிச்சத்துக்குப் பொருந்தும் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த செடியை முதலில் வாங்கிவிட்டு வெளிச்சத்தைப் பிறகு தேடுவதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குத் தொடக்கமாக அமைகிறது.

குறைந்த வெளிச்சம் என்று எதைச் சொல்கிறோம்?

விளக்கு தரும் ஒளியை லூமென் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 20 லூமென் வரை கிடைத்தால் அதைக் குறைந்த வெளிச்சம் என்று கொள்ளலாம். நம் கடைகளில் கிடைக்கும் இரண்டடித் தொட்டி, 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உடையதாக இருந்தால், ஏறக்குறைய 65 லிட்டர் கொள்ளும். அதற்கு 650 முதல் 1300 லூமென் வரை போதும். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு 90 முதல் 100 லூமென் வரை தருவதால், 7 முதல் 13 வாட் வரையிலான ஒரு வெள்ளை விளக்கே இதற்குப் போதுமானது. தொட்டி ஒன்றரை அடிக்கு மேல் உயரமாக இருந்தால் அடித்தளத்தை எட்டும் ஒளி குறையும் என்பதால் இந்த அளவின் மேல் எல்லையை ஒட்டி வாங்குவது நல்லது.

தொட்டியோடு சேர்த்துத் தரப்படும் சில விளக்குகள் நீலமும் இளஞ்சிவப்பும் மட்டுமே கலந்தவை. அவை மீனின் நிறத்தை எடுத்துக்காட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. செடிக்காக வாங்கும்போது 6500 கெல்வின் அளவிலான வெள்ளை ஒளியைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியை மூடியிருக்கும் கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புப் படலம் உள்ளே செல்லும் ஒளியைத் தடுக்கிறது. வாரம் ஒருமுறை அதை எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்துக் கழுவினாலே தொட்டிக்குள் வெளிச்சம் கூடுவதைக் கண்ணால் காணலாம்.

குறைந்த வெளிச்சம் வேறு, வெளிச்சமே இல்லாமை வேறு. எந்தச் செடியானாலும், ஒளியைக் கொண்டு அது ஆக்கும் உணவு, சுவாசத்தில் அது செலவிடும் உணவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அறை விளக்கை மட்டும் நம்பி வைக்கப்பட்ட செடி, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருக்கும் இருப்பைக் கொண்டு சில மாதங்கள் வாழ்ந்துவிடும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். புதிய இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக வந்தால், அந்த இருப்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்?

புதிய தொட்டிக்கு 6 மணி நேரம் போதும். செடிகள் வேர்பிடித்துப் புது இலை விடத் தொடங்கியபின் 8 மணி நேரம் வரை உயர்த்தலாம். வெளிச்சம் குறைவாக இருப்பதை ஈடுசெய்யலாம் என்று எண்ணி 12 மணி நேரம் எரியவிடுவதால் செடியைவிடப் பாசிக்கே நன்மை. டைமர் ஒன்று வாங்கிவிடுவது சிறந்தது. சுழலும் முகப்புள்ள டைமர் மின்தடையின்போது நின்றுவிடும் என்பதால், மின்வெட்டு அடிக்கடி நிகழும் ஊர்களில் உள்ளே மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமரே நேரம் பிசகாமல் இயங்கும்.

ஜன்னலோரத்தில் வைத்து வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

வேண்டாம். நம் ஊர் வெயில் நேராகப் படும் சிறிய தொட்டியில் ஒரே பிற்பகலில் நீர் சூடாகிவிடும். சில நாட்களில் நீர் பச்சையாகவும் மாறிவிடும். வெயில் நேராக விழாத, வடக்கு பார்த்த ஜன்னலின் பரவலான ஒளி தீங்கு செய்யாது.

முதன்முதலில் செடி வளர்ப்பவர் எவற்றை வாங்கலாம்?

என் பரிந்துரையில் முதலிடம் கிரிப்டோகரைன் வென்டியைக்குத்தான். கடைக்காரர்கள் இதைச் சுருக்கமாகக் கிரிப்ட் என்பார்கள். இது இலங்கைக்கே உரிய செடி. அங்குள்ள நிழலான ஓடைகளின் கரைகளிலும் நீருக்கடியிலும் இயல்பாக வளர்கிறது. பச்சை, பழுப்பு, செம்பழுப்பு என்று பல சாயல்களில் கிடைக்கும். வெளிச்சம் கூடினால் இலை படர்ந்து தாழும், குறைந்தால் நிமிர்ந்து நீளும், இரண்டுமே அழகுதான். கடின நீரையும் வெப்பத்தையும் தாங்கும் தன்மையால் இது நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துகிறது. இலங்கையின் பெக்கெட்டியை, வாக்கரி ஆகிய கிரிப்ட் வகைகளையும் இதே முறையில் வளர்க்கலாம். மிகச் சிறியதான பார்வா மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கூடுதல் ஒளி வேண்டும்.

அடுத்தது அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் காட்டோடைகளைச் சேர்ந்த இச்செடியின் இலை தோல்போலத் தடித்திருக்கும். நானா என்ற குட்டை வகை சிறு தொட்டிகளுக்கு ஏற்றது. மாதத்துக்கு ஓர் இலை விடுவதே இதன் இயல்பான வேகம் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் வருத்தம் இராது. மூன்றாவது ஜாவா ஃபெர்ன் என்னும் நீர்ப்பெரணி. இதன் முதிர்ந்த இலையின் அடிப்பக்கத்தில் கரும்பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். பலர் நோய் என்று அஞ்சி இலையை வெட்டிவிடுகிறார்கள். அவை பெரணிகளுக்கே உரிய வித்துக்கூட்டங்கள். சில நாட்களில் இலை நுனியில் சின்னஞ்சிறு செடிகள் வேரோடு தொங்குவதையும் காணலாம். அவை விரலளவு வளர்ந்ததும் கிள்ளி வேறொரு கல்லில் கட்டினால் புதிய செடி தயாராகிவிடும்.

போர்னியோத் தீவின் ஆற்றுப்பாறைகளில் வளரும் புசெஃபலாண்ட்ராவும் குறைந்த ஒளியில் வாழும். ஆனால் விலை அதிகம், வளர்ச்சியோ மிக மெதுவானது. ஆதலால் முதல் தொட்டிக்கு அது தேவையில்லை. ஜாவா மாஸ் எங்கும் பற்றிக்கொள்ளும். இறால் குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் ஒளிந்துகொள்ள அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மீன் கழிவு அதில் எளிதாகத் தங்கிவிடுவதால், நீர் மாற்றும்போது கையால் மெல்ல அசைத்துவிட வேண்டும்.

எண்ணிக்கையில் சிக்கனம் காட்டாதீர்கள். இரண்டடித் தொட்டிக்கு ஐந்தாறு கிரிப்ட், மூன்று அனுபியாஸ், இரண்டு ஜாவா ஃபெர்ன் என்று தொடங்குவது நல்லது. இவை எல்லாமே மெதுவாக வளர்பவை என்பதால், இரண்டு செடியை நட்டுவிட்டுத் தொட்டி நிறையும் என்று காத்திருந்தால் ஓராண்டு போய்விடும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அழுகிவிடுகின்றன. ஏன்?

பெரும்பாலும் அவற்றை மணலில் புதைத்ததுதான் காரணம். இவ்விரண்டிலும் இலைகள் மேல்நோக்கியும் வேர்கள் கீழ்நோக்கியும் பிரியும் இடத்தில், இஞ்சித்துண்டு போன்ற தடித்த கிடைத்தண்டு ஒன்று இருக்கும். அது நீரோட்டம் படும்படி வெளியே இருக்க வேண்டும். மணலுக்குள் மூடினால் அழுகத் தொடங்கும். இயற்கையில் இவை பாறையையும் விழுந்த மரத்தையும் பற்றி வளர்பவை. ஆகவே ஒரு கல்லிலோ ஊறவைத்த மரத்துண்டிலோ கிடைத்தண்டைப் பொருத்திப் பருத்தி நூலால் இரண்டு மூன்று சுற்று கட்டுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பற்றிக்கொள்ளும். நூல் கட்டக் கை வராதவர்கள், சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசையை ஓரிரு துளி வேரில் மட்டும் படும்படி வைத்து ஒட்டலாம். பசை இறுகியபின் நீருக்குள் வைத்தால் மீன்களுக்குத் தீங்கில்லை.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கிடைத்தண்டைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தால் நல்ல செடி. விரலுக்கு அமுங்கி, கூழாகி, துர்நாற்றம் வீசினால் அழுகல் உள்ளே புகுந்துவிட்டது. மேலே இலை பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் தொட்டியிலேயே அழுகல் கண்டால், கூரிய பிளேடால் கெட்டியான பகுதி வரை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம்.

கிரிப்ட் நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துவிட்டது. செடி இறந்துவிட்டதா?

இக்கேள்வியைக் கேட்கும் முன்பே பலர் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். கிரிப்டின் இலை முதலில் ஓரிடத்தில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி ஆகும், பிறகு ஓட்டை விழும், இரண்டொரு நாளில் காம்பு வரை கூழாகிவிடும். இடமாற்றம், நீரின் தன்மையிலோ வெப்பத்திலோ ஒளியிலோ ஏற்படும் திடீர் மாறுதல் ஆகியவற்றுக்கு இச்செடி இப்படித்தான் எதிர்வினை காட்டும். வேர் பெரும்பாலும் உயிரோடிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்றுப்பண்ணைகளில் கிரிப்டும் அனுபியாஸும் உட்பட மிகப் பல நீர்த்தாவரங்களை, வேர் மட்டும் ஈரத்திலும் இலைகள் காற்றிலும் இருக்கும்படி வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் வேலை செய்வதற்கு ஏற்றதன்று. செடி அதைக் கைவிட்டு, நீருக்கேற்ற மெல்லிய புதிய இலையை விடுகிறது. எனவே கரைந்த இலைகளை மட்டும் கத்தரித்து அகற்றி, வேரைத் தொடாமல், விளக்கையும் உரத்தையும் மாற்றாமல் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். நடுவிலிருந்து ஊசிபோல ஒரு குருத்து எழும். ஒருமுறை வேரூன்றிய கிரிப்டை இடம் மாற்றாமல் விட்டுவிட்டால், அது பல ஆண்டுகள் அதே இடத்தில் தழைத்துப் பக்கக்கன்றுகளாலேயே கூட்டமாகிவிடும்.

வேகமாக வளரும் செடி ஒன்றுகூட இந்த வெளிச்சத்தில் வளராதா?

சில வளரும். வாலிஸ்னேரியா நீண்ட நாடா இலைகளுடன் பின்புறச் சுவரை மறைக்கும். ஓடுதண்டு விட்டுப் பரவும். குறைந்த வெளிச்சம் என்று சொன்ன அளவின் மேல் எல்லையில், அதாவது லிட்டருக்கு 20 லூமென் அருகில், இது நன்றாகவே வளர்கிறது. கடின நீரும் சற்றே உப்பான நீரும் இதற்குப் பொருட்டல்ல என்பதால் கடற்கரையோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இதையே முதலில் சொல்வேன். வேரே இல்லாத ஹார்ன்வொர்ட்டை மிதக்கவிட்டால் விளக்குக்கு அருகில் இருப்பதால் அது சமாளித்துக்கொள்ளும். நம் குளங்களில் வளரும் கொட்டியின் இனத்தைச் சேர்ந்த அப்போனோஜீட்டன் கிழங்குகளும் கடைகளில் கிடைக்கின்றன. முதல் சில மாதங்கள் கிழங்கின் இருப்பில் மளமளவென்று வளர்ந்துவிட்டுப் பிறகு ஓய்வுக்குப் போகும் இயல்புடையவை அவை.

தரைவிரிப்புபோலப் படரும் செடியும் சிவப்புச் செடியும் வளர்க்க முடியுமா?

இந்த வெளிச்சத்தில் முடியாது. கடைக்காரர் எப்படிச் சொன்னாலும் வாங்காதீர்கள். குறைந்த ஒளியில் படர்செடிகள் பக்கவாட்டில் பரவாமல் மெலிந்து மேலே நீளும். சிவப்புச் செடிகள் நிறமிழந்து அடி இலைகளை உதிர்க்கும். சிவப்பு வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் செம்பழுப்பு நிறக் கிரிப்ட் வகைகளை நாடலாம்.

கடையில் நீருக்குள் வைத்து விற்பவை எல்லாம் நீர்த்தாவரங்களா?

இல்லை. சென்னைக் கொளத்தூர் போன்று வண்ணமீன் கடைகள் நிறைந்த இடங்களில் நல்ல செடிகளும் கிடைக்கும், தவறான செடிகளும் அவற்றுக்கு அருகிலேயே இருக்கும். லக்கி பேம்பூ எனப்படும் டிரசீனா, வெள்ளைக்கோடு போட்ட புல்போன்ற குளோரோஃபைட்டம், ஊதா நிற ஹெமிகிராஃபிஸ், அம்பு வடிவ இலையுடைய சிங்கோனியம் ஆகியவை தரைச்செடிகள். முழுவதுமாக மூழ்கினால் அவை சில வாரங்கள் வாடாமல் நின்றுவிட்டு, பிறகு மெல்ல அழுகி நீரைக் கெடுக்கும். நீரிலிருந்து வெளியே எடுத்துப் பிடித்தாலும் விறைப்பாக நிற்கும் தண்டும், மெழுகு பூசியது போன்ற இலையும் தரைச்செடிக்குரிய அடையாளங்கள். நீருக்குள்ளேயே வளர்ந்த செடி கையில் துவண்டு விழும். இந்த அடையாளம் அனுபியாஸுக்கும் பண்ணையில் காற்றில் வளர்ந்த கிரிப்டுக்கும் பொருந்தாது என்பதால், சந்தேகம் வந்தால் பெயரைக் கேட்டு, கைப்பேசியில் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவதே உறுதியான வழி.

கரியமில வாயுவும் உரமும் தனி மண்ணும் தேவையா?

கரியமில வாயு தேவையில்லை. ஒளி குறைவாக இருக்கும்போது செடியின் பசியும் குறைவு. மீன்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் அளவே அதற்குப் போதும். திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள். அது வாலிஸ்னேரியாவையும் மாஸையும் கருக்கக்கூடியது என்பதால் இத்தகைய தொட்டிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சாதாரண ஆற்றுமணலை நன்றாகக் கழுவிப் போட்டால் போதும். கிரிப்டும் வாலிஸ்னேரியாவும் வேரால் உண்பவை. அவற்றின் அடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேர்மாத்திரை ஒன்றைப் புதைக்கலாம். கல்லில் கட்டியவற்றுக்குத் திரவ உரத்தைப் புட்டியில் சொல்லியிருப்பதில் பாதியளவு, வாரம் ஒருமுறை கொடுக்கலாம். பழைய இலைகள் வெளிறினால் நைட்ரஜன் போதவில்லை என்றும், பழைய இலைகளில் ஊசித்துளைகள் விழுந்து அவை பெருகினால் பொட்டாசியம் போதவில்லை என்றும், புதிய இலைகள் வெளிறி வந்தால் இரும்புச்சத்து போதவில்லை என்றும் பொதுவாகக் கொள்ளலாம். வயலுக்குப் போடும் யூரியாவைத் தொட்டியில் போடவே கூடாது. அது அம்மோனியாவாக மாறி மீன்களைக் கொன்றுவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரும் கோடை வெப்பமும் செடியைக் கெடுக்குமா?

மேலே சொன்ன செடிகள் கடின நீரைத் தாங்குகின்றன. இலைமேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது சுண்ணாம்பு, விரலால் தேய்த்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஆவியாதலை. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். குறைந்த நீரை மீண்டும் மீண்டும் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே நிரப்புவதற்கு ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு மூலநீரைவிடச் செறிந்திருக்கும். குழாய்நீராக இருந்தால் குளோரின் நீக்கியைக் கலந்தபின் ஊற்ற வேண்டும்.

சென்னையிலும் மதுரையிலும் கோடையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். கிரிப்டும் வாலிஸ்னேரியாவும் அதைச் சமாளிக்கும். அனுபியாஸின் வளர்ச்சி மந்தமாகும்; ஜாவா மாஸ் மெலிந்து பழுப்பாகும். மூடியைத் திறந்துவைத்து, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும்.

கோல்டு ஃபிஷ் உள்ள தொட்டியில் செடி தங்குமா?

மென்மையான செடிகள் தங்கமாட்டா. கல்லில் கட்டிய அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் அம்மீன்கள் பெரும்பாலும் தின்பதில்லை. மணலைக் கிளறும் பெரிய சிச்லிட் வகைகள் இருக்குமிடத்திலும் இதே விடைதான். கப்பி, மோலி, டெட்ரா, ராஸ்போரா ஆகியவற்றால் எந்தச் செடிக்கும் இடர் இல்லை.

குறைந்த வெளிச்சத்திலும் பாசி வருவது ஏன்?

முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் இலையிலும் படியும் பழுப்புத் தூசி போன்ற பாசி, புதிய தொட்டிகளில் இயல்பாக வந்து தானே அடங்கும். விரலால் துடைத்தால் போய்விடும். அனுபியாஸ் இலையில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகள் வேறு வகை. மெதுவாக வளரும் இலை மாதக்கணக்கில் விளக்கடியில் இருப்பதால் பாசிக்கு அது நல்ல இடமாகிவிடுகிறது. அச்செடியை மற்றவற்றின் நிழலுக்கு மாற்றிவையுங்கள். இலை விளிம்பில் கருந்தாடிபோல வளரும் பாசி வந்தால் அந்த இலையை வெட்டிவிட்டு, உணவு மிச்சத்தையும் ஃபில்டர் அழுக்கையும் குறைப்பதே தீர்வு. நெரைட் நத்தைகள் பாசியை நன்கு மேயும். நன்னீரில் அவை பெருகுவதுமில்லை.

செடி இருக்கிறது என்பதற்காக நீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாக வளரும் செடிகள் கழிவையும் மெதுவாகத்தான் உறிஞ்சும். வாரம் கால்பங்கு நீரை மாற்றுவது இத்தகைய தொட்டிக்குக் கட்டாயம்.

புதிய செடியோடு நத்தை வராமல் தடுக்க முடியுமா?

இலையின் அடியில் பசைபோல ஒட்டியிருக்கும் முட்டைக்கூட்டங்களைத் தேடி நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, செடியைத் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்திருந்து குஞ்சுகள் தென்படுகின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்பான முறை. செம்பு கலந்த நத்தைக்கொல்லிகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இறால்களுக்கு அது நஞ்சு. ஓரிரு நத்தைகள் வந்துவிட்டாலும் செடிக்குக் கேடில்லை. அவை பெருகினால், மீனுக்குப் போடும் உணவு மிகுதியாகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

மிதக்கும் செடியும் மணி பிளாண்டும் வைக்கலாமா?

மணி பிளாண்டைத் தாராளமாக வைக்கலாம். இலைகள் வெளியேயும் வேர் மட்டும் நீருக்குள்ளும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் செருகினால், அறைவெளிச்சத்தையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு வளர்ந்து, நீரிலுள்ள நைட்ரேட்டை உள்ளிருக்கும் செடிகளைவிட வேகமாக உறிஞ்சும். இலைகளை மீன் கொறிக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதக்கும் செடிகளும் இவ்வாறே நீரைத் தூய்மைப்படுத்தும். ஆனால் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் அவை மறைக்கும் என்பதால் நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவவிடாதீர்கள்.

கத்தரித்த செடிகளை என்ன செய்வது?

அருகிலுள்ள ஏரியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். இதை இப்பக்கத்தில் உள்ள வேறு எதைவிடவும் வலியுறுத்திச் சொல்கிறேன். பிரேசிலைச் சேர்ந்த சால்வீனியா என்ற மிதக்கும் பெரணி 1939-இல் கொழும்பில் கல்விப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டு, வெளியே பரவி, இலங்கையின் வயல்களையும் குளங்களையும் மூடியது. கேரளத்திலும் அது பரவியது; அதைத் தின்னும் சிறுவண்டை விட்டே பின்னர் கட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் நீர்ப்பரப்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து மக்களைக் கூட்டம் கூட்டமாக ஈர்த்த செடி, மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் தென்னமெரிக்கக் கபோம்பாதான். ஒரு துண்டுத் தண்டிலிருந்தே முளைக்கக்கூடியவை இவை. கத்தரித்தவற்றைச் சாக்கடையிலும் விடாமல், மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, சருகானபின் பூந்தொட்டி மண்ணில் உரமாகக் கலந்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள கிரிப்ட் கன்றுகளையும் ஜாவா ஃபெர்ன் குட்டிகளையும் ஈரத்தாளில் சுற்றித் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம். ஓரிரு நாள் பயணத்தை அவை எளிதாகத் தாங்கும்.